பாலத்தடி வாடிவீட்டில் பதினொரு வருடம்

வாடிவீட்டுக் கீப்பர் வேலையில் கட்டில் விரிப்பதும் சோறு போடுவதும் இலேசு, வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே "இந்த ஊரில பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்பாரே, அங்கேதான் கஷ்டம் தொடங்கும். வெளியூர் விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, அரை மணி நேரத்தில் காட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் விழித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நான் பட்ட பாட்டை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நான் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் பிறந்து வளர்ந்தவன். மெதடிஸ்த பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தை நம்பி, ஐம்பதுகளின் கடைசியில் என்னை ஓட்டமாவடி வாடிவீட்டுக்கு அனுப்பினார்கள். ஆற்றைப் பார்த்தபடி ஒரு வராந்தா, மூன்று அறைகள், ஒரு கூடம், பின்னால் குசினி. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு அதுதான் கடைசி ஊர் மாதிரி. பாலத்தைக் கடந்தால் வயல், பிறகு காடு, அதற்கும் அப்பால் பொலன்னறுவை. குசினிச் சமையலுக்குப் பொறுப்பு ஆதம்லெவ்வை காக்கா. எனக்கு முன்பே அங்கே இருந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் முறையில் காக்கா என்பேன். என்னை 'சேர்' என்பார். ஆனால் எதையும் என்னிடம் கேட்டுச் செய்ததாக ஞாபகம் இல்லை.

பெயர் வந்த விதம்

நான் பொறுப்பேற்ற முதல் கிழமையே யாழ்ப்பாணத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்து தங்கினார். ஊர்ப் பெயர்கள் எப்படி வந்தன என்று ஒரு கொப்பியில் எழுதிச் சேர்க்கிறவர். "ஓட்டமாவடி என்ற பெயர் எப்படி வந்தது, தம்பி?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆதம்லெவ்வை காக்காவைக் கூப்பிட்டேன். "முந்தி இஞ்ச பாலமில்ல சேர். ஓடத்திலதான் அக்கரைக்குப் போற. ஓடம் கட்டின மாவடி, அதான் ஓட்டமாவடி" என்றார். தலைமையாசிரியர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

எழுதின மை காயவில்லை, தபால்காரர் கணபதிப்பிள்ளை வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சைக்கிளைச் சாத்திவிட்டு, "ஆர் சொன்ன? ஓட்டை விழுந்த மாமரம் ஒண்டு நிண்டது. அதான் பேர்" என்றார். இரண்டு பேரும் குரல் உயர்த்தினார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்: மரம் நின்ற இடம் இருவருக்கும் தெரியும், அது ஒரே இடம்தான். அப்படியானால் போய்ப் பார்ப்போம் என்று தலைமையாசிரியர் வெயிலில் குடையை விரித்தார்.

கடைத்தெருக் கோடியில் இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். அங்கே ஒரு சலூன் இருந்தது. ஒருவருடைய கன்னத்தில் பாதி சவர்க்காரத்தோடு சவரம் நடந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் மாமரத்தைப் பற்றி விசாரித்தார். சலூன்காரர் கத்தியைத் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இவடத்த நிண்டது புளியமரம் ஐயா. நான்தான் வெட்டின."

ரயில் படம்

எங்கள் ஊரில் உண்மையாகவே பார்க்கத் தக்கது பாலம்தான். ரயிலும் பஸ்ஸும் மாட்டு வண்டியும் மனிதரும் அந்த ஒரே இரும்புப் பாலத்தால்தான் போகவேண்டும். ரயில் வருகிற நேரம் இரு பக்கமும் கேற்றைச் சாத்துவார்கள். அது போன பிறகு மற்றவர்கள் போகலாம்.

கொழும்பிலிருந்து ஒரு கம்பனி உத்தியோகத்தர் மனைவியுடன் வந்தார். கழுத்தில் விலையுயர்ந்த கமெரா. ரயில் பாலத்தில் ஏறும்போது படம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. காலையில் ஆற்றங்கரையில் நல்ல இடம் பார்த்து நிறுத்திவிட்டு நானும் பக்கத்தில் நின்றேன். கேற் சாத்துவதற்குச் சற்று முன்னால் அக்கரையிலிருந்து ஒரு வைக்கோல் வண்டி பாலத்தில் ஏறியது. நடுவில் வந்ததும் அச்சாணி முறிந்து ஒரு சில்லு சாய்ந்துவிட்டது. வண்டி அசையவில்லை. தூரத்தில் ரயில் கூவுகிற சத்தம் கேட்டது.

கேற்காரர் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தால் ரயிலை நோக்கி ஓடினார். கடைத்தெருவிலிருந்து ஆட்கள் பாலத்துக்கு ஓடி வந்தார்கள். மாடுகளை அவிழ்த்து ஒருவர் கொண்டுபோனார், மற்றவர்கள் வைக்கோலை அள்ளி ஆற்றில் வீசினார்கள். நாங்களும் ஓடினோம். உத்தியோகத்தர் ஓடி ஓடிப் படம் எடுத்தார். சாய்ந்த பக்கத்துக்குத் தோள் கொடுத்து நின்ற வண்டிக்காரக் கிழவர் தலையை மட்டும் திருப்பி, "படம் பொறகு புடிக்கலாம் மனே, முதல்ல சில்லப் புடிங்க!" என்று கத்தினார். மனுசன் கமெராவைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டு, வெள்ளைக் காற்சட்டையோடு சில்லுக்குக் கீழே குனிந்தார். பத்துப் பதினைந்து பேர் தூக்கியும் இழுத்தும் வண்டியை இக்கரையில் இறக்கினோம். ரயில் கொடிக்குக் கட்டுப்பட்டுத் தூரத்தில் நின்றது. பிறகு மெல்ல ஊர்ந்து பாலத்தைக் கடந்தது. அந்த நேரம் உத்தியோகத்தர் ஆற்றில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து எனக்கு ஒரு படம் தபாலில் வந்தது. மனைவி எடுத்தது. வைக்கோலும் சேறுமாக ஒரு முதுகு, பக்கத்தில் கிழவரின் தோள், மேலே பாலத்து இரும்பு. பின்பக்கத்தில் அந்த அம்மா எழுதியிருந்தார்: "படத்தில் ரயிலைத் தவிர எல்லாம் விழுந்திருக்கிறது."

மீன் பாடியது

மட்டக்களப்பு என்றாலே பாடும் மீன் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்துவிட்டு வருகிறவர்களிடம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அது இங்கே இல்லை, மட்டக்களப்பு நகரத்துக் கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில், அதுவும் நிலாக் காலத்தில், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால் என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டார்கள். மலைநாட்டிலிருந்து வந்த ஐந்து ஆசிரியைகள் ஒரே பிடியாக நின்றார்கள். "தண்ணீர் எல்லாம் ஒன்றுதானே?" என்றார் அவர்களில் மூத்தவர். மீன்பிடிக்கிற இஸ்மாயிலின் தோணியில் பின்னேரம் ஏற்றிவிட்டேன்.

சவள் என்கிற துடுப்பைத் தண்ணீரில் விட்டு, அதன் மேல் நுனியில் காதை வைத்துக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் கேட்டார். "கேட்குது!" என்றார். அடுத்தவரும் கேட்டார். ஐந்து பேருக்கும் கேட்டது. திரும்பி வந்து, வீணை மாதிரியா தவளை மாதிரியா என்று இராச்சாப்பாடு வரை வாதாடினார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இஸ்மாயிலைத் தனியாகக் கூப்பிட்டு, உண்மையில் என்ன சத்தம் என்று விசாரித்தேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான்: "என்ட வயிறு சேர். அந்த நேரம் நோன்பு துறக்கல்ல."

இரண்டாம் நம்பர் அறை

ஒரு மார்கழியில் மழை விடவேயில்லை. ஆறு றோட்டின் மேல் ஏறிவிட்டது. ரயில் நின்றது, பஸ்கள் நின்றன. மூன்று அறை வாடிவீட்டில் முப்பது பேருக்கு மேல் தங்கினார்கள். கூரை எல்லா இடத்திலும் ஒழுகியது. ஒழுகாதது இரண்டாம் நம்பர் அறை மட்டும்தான். அதில் வெள்ளத்துக்கு முன்பே வந்த நில அளவையாளர் ஒருவர் இருந்தார். ஒரு வருடம் காடு மேடெல்லாம் நடந்து வரைந்த படங்களைக் கட்டில் நிறைய விரித்துவைத்திருந்தார். அவை நனையக்கூடாது, ஆகவே அறையை விடமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கூடத்தில் நனைந்துகொண்டிருந்தவர்கள் அவரைப் பார்த்த பார்வையை நான் கவனிக்காதது போல இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, நின்றுபோன பஸ்ஸில் வந்த ஒரு இளம்பெண்ணுக்கு வலி எடுத்தது. மரகதம் என்று பெயர். கணவனுக்குப் பொலன்னறுவைப் பக்கம் வேலை. தலைப்பிரசவத்துக்குப் பெரியகல்லாற்றில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போகிற வழியில் மாட்டிக்கொண்டவர்கள். மருத்துவிச்சி கதீசா உம்மா இருந்தது அக்கரையில். பாலத்தின் கீழ் இரும்பைத் தண்ணீர் தொட்டுக்கொண்டு போனது. யாரையும் விடக்கூடாது என்று உத்தரவு வந்து, கேற் பூட்டிக் கிடந்தது. ஆதம்லெவ்வை காக்கா பாலத்தடிக்குப் போய், சாரத்து நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கரைக்குக் கேட்கக் கத்தினார். யாரோ விளங்கிக்கொண்டு ஓடினார்கள்.

கதீசா உம்மா வந்து கேற்றடியில் நின்றபோது கேற்காரர், "ஓடர் கிடக்கு உம்மா, ஏலாது" என்றாராம். "நீ இந்தக் கையிலதான் விழுந்த. தொறடா" என்றாராம் அவர். கேற்காரர் பூட்டைத் திறந்தார். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிலிப்பர் கட்டை ஒவ்வொன்றாகத் தானும் கூடவே நடந்து வந்தார். கீழே மரங்களும் ஒரு கூரையும் அடித்துக்கொண்டு போயின.

நான் இரண்டாம் நம்பர் கதவைத் தட்டப் போனேன். தட்டவேண்டிய தேவை வரவில்லை. அளவையாளர் படங்களைச் சுருட்டி இரு கையாலும் அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். சாப்பாட்டு மேசையில் அவற்றை வைத்து, தன் குடையை விரித்து மேலே மூடினார். பிறகு குசினிக்குள் போய்ச் சுடுதண்ணீர் வைத்தார்.

பிள்ளை பிறந்தது மத்தியானம் திரும்பிய நேரம். பிறந்தும் சத்தம் இல்லை. கூடத்தில் முப்பது பேரும் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பொடியன், மரகதத்தின் கணவன், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டான். உள்ளே கதீசா உம்மா எதையோ தட்டுவதும் ஓதுவதும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு பிள்ளை வீறிட்டது. பெண் பிள்ளை. யாரோ ஒருவர் சிரித்தார், உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினோம்.

அந்த அமளியில் குடையை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. படங்களில் பாதி நனைந்து, மை பரவி, ஆறு இல்லாத இடத்திலெல்லாம் ஆறு ஓடியது. அளவையாளர் அவற்றை மறுபடியும் சுருட்டிக் கட்டினார். வெள்ளம் வடிந்து அவர் புறப்பட்ட பிறகுதான் விருந்தினர் அபிப்பிராயப் புத்தகத்தைத் திறந்தேன். எழுதியிருந்தார்: "கூரை ஒழுகுகிறது. மருத்துவிச்சி திறமை."

வழியால் போன மன்னன்

அறுபதுகளின் நடுவில், ஒவ்வொரு வாடிவீட்டிலும் அந்த ஊரின் வரலாறும் பார்க்கவேண்டிய இடங்களும் ஒரு பக்கத்தில் எழுதிச் சட்டம் போட்டு மாட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது. இரண்டு நாள் யோசித்து எழுதினேன்: பாலம், ஆறு, விடியற்காலை மீன் சந்தை, எருமைத் தயிர், அக்கரை வயல்களில் கதிர் முற்றுகிற மாதங்களில் வருகிற பறவைகள். பார்வையிட வந்த அதிகாரி வாசித்துவிட்டு, "சரித்திரம் எங்கே? ஒரு ராசா வேண்டும்" என்றார். அப்படி யாரும் இங்கே இருந்ததாகத் தெரியாது என்றேன். "இருக்கவேண்டாம். போயிருப்பான்தானே? பொலன்னறுவைக்குப் போகிற வழி இது" என்றார். அவருடைய பேனாவாலேயே ஒரு வரி சேர்ந்தது: 'முற்காலத்தில் மன்னன் ஒருவன் இவ்வழியே சென்றதாகக் கூறப்படுகிறது.'

அந்த ஒரு வரி என்னைப் படுத்திய பாடு! எந்த மன்னன், எப்போது போனான், யார் கூறியது என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற ஒருவர் ஆதாரம் கேட்டு எனக்குக் கடிதமே எழுதினார். அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், வரியைச் சுரண்டி எடுக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு நாள் ஆதம்லெவ்வை காக்கா சட்டத்தைத் துடைத்துக்கொண்டே, "எல்லாரும் இதைப் பாத்துப் போட்டு உங்களோட சண்டைக்கு வாறாங்களே, என்னதான் எழுதிக்கிடக்கு?" என்று கேட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். துணியை உதறிவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு தூரம் வந்து எங்கட மீன் ஆணத்தில ஒரு வாய் சோறு திண்ணாமப் போயிருக்கான். அவனெல்லாம் ஒரு ராசாவா சேர்?"

உழாத துண்டு

நான் மாற்றலாவதற்கு முந்திய வருடம் நீர்கொழும்பிலிருந்து ஒரு பெண் தனியாக ரயிலில் வந்தார். நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூட ஆசிரியை, றோசலின் என்று பெயர். பார்க்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. காலைச் சாப்பாட்டில் உட்கார்ந்ததும், "இந்தப் பாலம் கட்டினபோது வேலை செய்தவர்களைத் தெரிந்தவர்கள் யாராவது இப்போது இருக்கிறார்களா?" என்றார்.

அவருடைய தகப்பன் அந்தோணி, இரும்புக்கு ஆணி அறைகிற வேலைக்கு வந்தவர். தாய்க்கு நாலு மாதம் என்கிறபோது வீட்டை விட்டுப் புறப்பட்டிருக்கிறார். மகள் பிறப்பதற்கு முன்னால், காய்ச்சலில் போய்விட்டார் என்று ஒரு கடிதம் வந்தது. எங்கே அடக்கம் பண்ணினார்கள் என்று அதில் இல்லை. தாய் கண்ணை மூடிய பிறகு பெட்டிக்குள் அந்தக் கடிதம் கிடைத்திருக்கிறது. அதைக் கையில் வைத்திருந்தார். மடிப்பில் கிழிந்து நாலு துண்டாக இருந்தது. வரும் வழியில் இரண்டு மாதாகோவில்களில் மரணப் பதிவுப் புத்தகங்களைத் தேடிப் பார்த்திருக்கிறார். பெயர் இல்லை. நான் இத்தனை வருடம் வந்தவர் போனவருக்கெல்லாம் பாலத்தின் கதை சொன்னவன். அதைக் கட்டினவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

இடியப்பத் தட்டை வைக்க வந்த ஆதம்லெவ்வை காக்கா, "சீனிமுகம்மதிட வயலுக்குக் கூட்டிப் போங்க சேர்" என்றார். ஏன் என்று கேட்டேன். "போங்களன்" என்றார்.

பாலத்தைக் கடந்து, வரம்பால் கொஞ்சத் தூரம் நடந்தோம். அந்த வயல் வட்டை முழுக்க விதைப்புக்காக உழவு நடந்துகொண்டிருந்தது. சீனிமுகம்மது இரண்டு எருமைகளோடு சேற்றில் நின்றார். ஆற்றோரமாக, அவருடைய வயலுக்கு நடுவில், நீளத்தில் பத்துப் பதினைந்து காலடி வரும் ஒரு துண்டு மட்டும் உழப்படாமல் புல்லும் பற்றையுமாகக் கிடந்தது. நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் மாடுகளை நிறுத்திவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே வந்தார்.

"பாலத்து வேலைக்கு வந்த ஆக்கள் காச்சல்ல மௌத்தாகக்குள்ள இவடத்ததான் தாட்டதெண்டு வாப்பா செல்லுவாரு. ஏழெட்டுப் பேர். தலமாட்டில இரும்புக் கம்பி நட்டிருந்த. இப்ப அதுவும் இல்ல. மறுகாத்தான் இந்தக் காணி எங்களுக்கு வந்த" என்றார்.

"அந்தோணி என்று யாராவது…?" என்றார் அந்த அம்மா.

"பேர் தெரியா ராத்தா."

அந்த அம்மா ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். ஏழெட்டுப் பேரில் யார் எங்கே என்று எந்த அடையாளமும் இல்லை. பிறகு பையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்து, துண்டின் நடுவில் குத்திக் கொளுத்தினார். ஆற்றுக் காற்றில் அணைந்தது. மறுபடி கொளுத்தினார், மறுபடியும் அணைந்தது. மூன்றாம் தரம் சீனிமுகம்மது வந்து எதிரே குந்தி, சேறு காயாத இரண்டு கையையும் கூட்டி நெருப்பை மறைத்துக்கொண்டார். அந்த அம்மா முழங்காலில் நின்று செபம் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் அசையவில்லை. அவருடைய விரல்களுக்கு நடுவால் வெளிச்சம் தெரிந்தது. எருமைகள் நுகத்தோடு காத்துக்கொண்டு நின்றன.

எழுந்து கண்ணைத் துடைத்த பிறகு அந்த அம்மா கேட்டார்: "நல்ல நிலம். உங்களுக்கு இவர்கள் யாரென்றே தெரியாது. இத்தனை வருடம் ஏன் விட்டு வைத்தீர்கள்?"

சீனிமுகம்மதுக்குக் கேள்வி விளங்கவில்லை என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வயலுக்குள் இறங்கிக் கலப்பையைப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொன்னார்: "சனம் படுத்திருக்கிற இடத்தில எப்பிடி ராத்தா உழுற?"

பதினொரு வருடம் அந்த ஊரைக் காட்டினவன் என்று எனக்கு நல்ல பெயர், காட்டினதெல்லாம் மற்றவர்கள்.